லாட் முடியும்வரை

செக்கிங் கூடத்தில் அவளை எல்லாரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு இழை ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை அவள் கொட்டாவி விட்டபடியே கண்டுபிடித்துவிடுவாள். பதினெட்டு வருஷமாக அதே மேஜை. மேல் உருளையிலிருந்து இறங்கும் துணி, உள்ளே விளக்கெரியும் கண்ணாடிப் பலகையின்மேல் வழுக்கி, கீழ் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் துணி ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, சாயம் மங்கிய இடம் என்று எது தெரிந்தாலும் ஓரத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஒரே சாயத்தொட்டியில் முக்கி எடுத்த எட்டு ரோல்கள் சேர்ந்தால் ஒரு லாட். ஒரு லாட்டை ஒரே ஆள், ஒரே உட்காரலில் பார்த்து முடிக்கவேண்டும். நடுவில் எழுந்து வெளியே போனால் வெயில் பட்ட கண்ணுக்கு நிறம் மாறித் தெரியும், முதல் ரோலும் எட்டாவது ரோலும் ஒரே நிறம்தானா என்று சொல்ல முடியாது. கழிப்பறையோ முற்றத்தைத் தாண்டி அந்தக் கோடியில் இருந்தது. போய்விட்டு வந்தால் கண் பழைய நிலைக்கு வரப் பத்து நிமிஷம் சும்மா உட்காரவேண்டும். அதனால் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். மத்தியானம் உட்கார்ந்தால் வீட்டுக்குப் போகும்போது. தண்ணீர் பாட்டிலை யாரும் மேஜைக்குக் கொண்டுவருவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது, சிவப்புக் கிளிப். துணி காயப்போடும்போது மாட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் கிளிப்தான். மாதவிலக்கு வந்த பெண் அதை எடுத்துத் தன் விளக்கின் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் நடுவில் எழுந்து போகலாம், சூப்பர்வைசரம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். இதை யார் ஆரம்பித்துவைத்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவும் இல்லை.

டார்ச்சின் விளக்கில் அந்தக் கிளிப் மாதத்தில் பாதி நாள் தொங்கும். மூன்று வருஷமாக அவளுக்கு ரத்தப்போக்கு எளிதில் நிற்காமல் இருந்தது. வந்தால் பன்னிரண்டு நாள், பதினைந்து நாள். பக்கத்து மேஜையில் துணி மடிப்பவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர், வாயை மூடினால் செத்துப்போய்விடுவாள் என்பதால்.

"கிளிப்ப உன் பேர்லயே பத்திரம் பண்ணிக் குடுத்துடலாம் டார்ச்சு. நாங்கள்லாம் வாடகைக்கு வாங்கிக்கறோம்" என்பாள் வானொலி.

அவள் சிரிப்பாள். எழுந்து போவாள். வெயிலில் முற்றத்தைக் கடப்பாள். நாப்கின் மாற்றுவாள். அந்தச் சாக்கில் ஒன்றுக்கும் போய்விட்டு வருவாள். அதை அவள் தனியாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

ரத்தம் குறைந்து முகம் காகிதமாக வெளுத்த பிறகுதான் லேடி டாக்டரிடம் போனாள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதில்லை, உள்பூச்சை மட்டும் சுட்டுவிட்டால் போதும் என்றாள் டாக்டர். மயக்கம் கொடுத்து, ஒரு சின்னப் பலூனை உள்ளே விட்டு, அதில் சூடான நீரை நிரப்பி, எட்டு நிமிஷம். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் நீராகப் போனது. முதல் மாதம் ஒருநாள் பழுப்பாக ஒரு கறை. இரண்டாம் மாதம் துடைத்தால் தெரிகிற அளவுக்கு ஏதோ. மூன்றாம் மாதம் ஒன்றுமே இல்லை. வழக்கமான தேதியில் அடிவயிறு மட்டும் லேசாக முறுக்கியது, ஆள் வராத வீட்டில் மணி அடிக்கிற மாதிரி.

"வராமலே நின்னும் போகலாம். பயப்படாதீங்க, அது நல்லதுக்குத்தான்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாள்.

அவள் பயப்படவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் வாங்கிக் குவித்திருந்த நாப்கின் பாக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு மகள், "அம்மா, உன் பங்கும் எனக்கா? காலேஜ் முடியற வரைக்கும் வரும்போல இருக்கே" என்றாள். எடுத்துக்கோ என்றாள் அவள். ஏதாவது தோன்றவேண்டும் என்று காத்திருந்தாள். தோன்றவில்லை. ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

இரண்டாம் மாதக் கடைசியிலிருந்து இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி. குனிந்தால் குத்தும், நிமிர்ந்தால் இழுக்கும். சுட்ட இடம் ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் மாதச் செக்கப்பில் அதைச் சொன்னபோது லேடி டாக்டர் சீட்டில், கர்ப்பப்பையோடு கிட்னியையும் சேர்த்துப் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஸ்கேனுக்கு அவளோடு நாத்தனார் வந்தாள். நாத்தனார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் கிளார்க். எந்தக் கவுன்ட்டராக இருந்தாலும் மூன்று கேள்வியில் உள்ளே இருப்பவரை எழுந்து நிற்கவைத்துவிடுவாள். அண்ணன் பெண்டாட்டி என்றால் உயிர். அந்த உயிரைத் திட்டிக்கொண்டேதான் காட்டுவாள்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, போகாமல் காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்பது மணிக்குக் குடித்தாள். பத்து மணிக்கு மெஷின் பழுதாகிவிட்டது. பெஞ்சில் இருந்த பெண்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒருத்தி அழுகிற குரலில் நர்ஸிடம் கெஞ்சினாள். இன்னொருத்தி தாங்கமுடியாமல் போய்விட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து தண்ணீர் குடித்தாள். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்தச் சுவரில் பெயின்ட் இரண்டு இடத்தில் நிறம் மாறியிருந்தது.

"உனக்கு முட்டலையா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"இன்னும் நாலு ரோல் பாக்கலாம்."

"உன்ன அணைக்கட்டுல வேலைக்கு எடுக்கணும்."

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்கிறவர் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி, அடிவயிற்றைப் பார்த்து முடித்தார். கர்ப்பப்பையில் பிரச்சினை இல்லை, உள்பூச்சு மெலிசாகத்தான் இருக்கிறது என்றார்.

"இப்ப யூரின் போயிட்டு வந்துடுங்க. கிட்னி பாத்துடலாம். சீக்கிரம், அடுத்தவங்க வெயிட் பண்றாங்க."

அவள் எழுந்து வெளியே வந்தாள். கழிப்பறை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். திரும்பி ஸ்கேன் அறையைப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தன்னால் ஒரு மெஷின் சும்மா ஓடுவது அவளுக்கு ஆகாத காரியம். ஒரு நிமிஷம் சுவரோரமாக நின்றாள். பிறகு உள்ளே வந்து படுத்துக்கொண்டாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவர் விலாப் பக்கம் கருவியை வைத்தார். வலது, இடது, மறுபடி வலது. புருவம் கூடியது. ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததை நாத்தனார்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தாள். இரண்டு கிட்னியிலும் நீர் தேங்கி வீங்கியிருக்கிறது, இடது பக்கம் கூடுதல். கிட்னி டாக்டரைப் பார்க்கவேண்டும். அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்றாள் நாத்தனார். பஸ் ஏறுவதற்குள் அவள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"அந்த டாக்டரம்மா சுடறப்ப பக்கத்துல இருக்கற மூத்திரக் குழாயையும் சேத்துச் சுட்டுட்டா. அதான் ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிச்சு. விட மாட்டேன் பாரு."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரிப்போர்ட் உறை மடியில் இருந்தது. கழிப்பறைக்கு வீட்டுக்கு வந்துதான் போனாள்.

கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நேராகத் திருப்பினான்.

"ரெண்டுமா?"

"ம்."

"ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்பாங்க. ரெண்டும்னா என்ன பண்றது?"

அவன் அதைக் கேட்டுவிட்டதற்காகவே வருத்தப்படுகிறவன்போல, சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அது முதல் தடவை. தட்டின் அடியில் சோப்பு நுரை போகவில்லை. அவன் படுத்த பிறகு அவள் அதை மறுபடி கழுவினாள்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனாள். துணி இறங்கியது, வழுக்கியது, சுற்றிக்கொண்டது. கிட்னி போய்விட்டால் வாரத்துக்கு இரண்டுமுறை மெஷினில் படுக்கவேண்டும் என்று வானொலி, தன் ஒன்றுவிட்ட மாமா கதையை வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டார்ச்சுக்கு அது வேறு யாருடைய கிட்னியையோ பற்றிய பேச்சாகத்தான் கேட்டது. ஒரு ஓட்டையைக்கூடத் தவறவிடவில்லை. அம்புகளை ஒட்டிக்கொண்டே போனாள்.

நாத்தனார் லீவு போட்டுவிட்டு லேடி டாக்டரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். "என்னங்கடி, பொம்பளன்னா பரிசோதனை எலியான்னு கேட்டேன். வெயிட்டிங் ஹாலே எழுந்து நின்னுச்சு. அந்தம்மா மூஞ்சி செத்துப்போச்சு. 'இந்தச் சிகிச்சைல சாதாரணமா அப்படி ஆகாதுங்க, கிட்னி டாக்டர் பாக்கட்டும்'னு மட்டும்தான் வாயில வந்துச்சு."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்குள் ஏதோ ஒன்று லேசாக இடறியது. ஆச்சா, ஆச்சு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப்போகிறது என்று மூடிக்கொண்டாள்.

கிட்னி டாக்டருக்குச் சளி பிடித்திருந்தது. ஒரு கையில் கைக்குட்டை, மறுகையில் கருவி. அவர் அறையிலேயே சின்ன ஸ்கேன் மெஷின் இருந்தது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, படுக்கச் சொல்லி, முதலில் அடிவயிற்றில்தான் வைத்தார். திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன இது, ஏரியா? கடைசியா எப்ப யூரின் போனீங்க?"

"காலைல."

"மணி ரெண்டாகுது."

"ஆமா."

"முட்டலையா?"

"தெரியல டாக்டர்." அது உண்மைதான். அவளுக்குத் தெரியவில்லை.

அவர் தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார். "அன்னைக்கு கிட்னி பாக்கறதுக்கு முன்னாடி போயிட்டு வரச் சொல்லியிருப்பாங்களே. போனீங்களா?"

அறைக்குள் நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டியபடி, யாரையோ பிடித்துக் கேட்கத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"போகல."

"ஆனா போயாச்சுன்னு எழுதியிருக்காரு."

"நான்தான் ஆச்சுன்னு சொன்னேன். வாசல்ல ஆறு பேர் நின்னாங்க. மெஷின் சும்மா ஓடிட்டு இருந்துச்சு."

நாத்தனாரின் கைப்பை தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கியது.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "நான் அந்தம்மாவ ஊரறியக் கிழிச்சுட்டு வந்திருக்கேனே."

"இப்ப போயிட்டு வாங்க" என்றார் டாக்டர். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "நீங்களும் கூடப் போங்கம்மா. சத்தம் கேக்கற வரைக்கும் வாசல்லயே நில்லுங்க" என்றார்.

நாத்தனார் நின்றாள். வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தவளுக்கு வரவில்லை. உடம்பு எந்தக் கதவை எப்படித் திறப்பது என்பதையே மறந்துவிட்டிருந்தது. "அண்ணி, குழாயத் திறந்து விடவா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. குழாய் திறக்கும் சத்தமும் கேட்டது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குத்தான் வந்தது.

திரும்பி வந்து படுத்தபோது வலது கிட்னியில் வீக்கம் இல்லை. நிரம்பி வழிந்த மூத்திரப்பையின் அழுத்தம் மேலே ஏறியதுதான் அன்று அப்படித் தெரிந்திருக்கிறது என்றார் டாக்டர். இடது பக்கம் மட்டும் குறைந்ததே தவிரப் போகவில்லை. கிட்னியிலிருந்து இறங்கும் குழாயின் வாயில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கல்.

"சுட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க தண்ணி குடிக்கறதில்ல, போறதும் இல்ல. இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தா இடது கிட்னி உங்களுக்கு உதவாது. அப்படி என்னம்மா வேலை?"

அவள் சொன்னாள். லாட், எட்டு ரோல், வெயில் பட்ட கண், கிளிப். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"முன்னாடி எப்படிச் சமாளிச்சீங்க?"

"முன்னாடி மாசத்துல பாதி நாள் வரும். கிளிப் மாட்டிக்கிட்டுப் போவேன்." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப வர்றதில்ல."

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளை வெளியே விடவேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். கல்லுக்கு மாத்திரை. நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்.

வெளியே வந்ததும் நாத்தனார் படியில் உட்கார்ந்துவிட்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சந்தோஷப்படறதா, உன்ன நாலு சாத்து சாத்தறதான்னு தெரியல எனக்கு" என்றாள். அப்படியே எழுந்து அதே ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டரின் அறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்பதைக்கூடச் சண்டை போடுகிற குரலில்தான் கேட்டாள். இவள் பக்கத்தில் நின்றாள். தானும் ஏதாவது சொல்லவேண்டும் என்று தெரிந்தது. "பொய் சொன்னது நான்தான் டாக்டர்" என்றாள். லேடி டாக்டர் தலையை ஆட்டினாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் கணவன் இரண்டு பெரிய பாட்டில்கள் வாங்கி வந்தான். ஒன்று அவளுக்கு. இன்னொன்றைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"நானும்தான் டெர்மினஸ் வர்ற வரைக்கும் அடக்கறேன். பதினோரு ஸ்டாப்பு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பாட்டிலின் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

கடிதத்தைச் சூப்பர்வைசரம்மாவிடம் கொடுத்தாள். மேலே அனுப்புகிறேன், பதில் வரட்டும் என்றாள் சூப்பர்வைசரம்மா. கெட்டவள் இல்லை. தனக்கு மேலே இருப்பவர்கள் சொல்லாமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தமாட்டாள். நான்கு நாள் ஆகியும் பதில் வரவில்லை. காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சாப்பாட்டு மணிவரை உட்கார்ந்தாள். இடது விலா இழுத்தது.

ஐந்தாம் நாள் வானொலி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் மூன்று மேஜைக்குத்தான் கேட்கும்.

"கிளிப்ப எடுத்து மாட்டிக்க டார்ச்சு. வருதா வரலையான்னு எவ வந்து பாக்கப்போறா? வருஷக்கணக்குல தொங்கின கிளிப்புத்தானே?"

கிளிப்பை டார்ச்சின் கையில் வைத்தாள். சிவப்பு வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. ஒரு காது உடைந்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல. அன்றைக்குக் கறுப்புத் துணி. மிதியை மிதித்தாள். முதல் ரோல். இரண்டாவது. மூன்றாவது ரோலின் நடுவில் காலை எடுத்தாள்.

துணி நின்றது. ஒரு ஓட்டையோ கறையோ இருந்தால்தான் அவள் நிறுத்துவாள். வானொலி எட்டிப் பார்த்தாள். துணியில் ஒன்றும் இல்லை. டார்ச் கை நீட்டி விளக்கை அணைத்தாள். கிளிப்பை வானொலியின் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

சூப்பர்வைசரம்மா மேஜைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். மெஷின் சரிபார்க்க வந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள்.

"நடு லாட்டுல எங்க கிளம்பிட்ட?"

"வெளிய."

"கிளிப் எங்க?"

"எனக்கு வராது. இனிமே வராது."

"அப்ப எதுக்குப் போற?"

"ஒண்ணுக்கு."

அவள் குரல் உயரவில்லை. எத்தனையாவது ரோல் என்று கேட்டால் சொல்கிற அதே குரல்தான். மெக்கானிக்குகள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரு மோட்டாரைக் குனிந்து பார்த்தார்கள்.

"லெட்டருக்குப் பதில் வரட்டும்னு சொன்னேன்ல" என்றாள் சூப்பர்வைசரம்மா.

"வரட்டும். நான் போயிட்டு வந்துடறேன்."

சூப்பர்வைசரம்மா அணைந்த விளக்கைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்த விளக்கு லாட்டின் நடுவில் கிளிப் இல்லாமல் அணைந்ததில்லை. வழியை விட்டு நகர்ந்தாள் என்று சொல்லமுடியாது. ஆனால் மறித்துக்கொண்டும் நிற்கவில்லை.

முற்றத்து வெயில் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தாள். இந்தக் கண்ணோடு திரும்பிப் போனால் பத்து நிமிஷம் சும்மா உட்காரவேண்டும். உட்காரலாம் என்று நினைத்தாள்.

கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். துடைத்துப் பார்க்கக் கறை எதுவும் இல்லை, மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. முதலில் ஒன்றுமே வரவில்லை. கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியின் அடியில் விழுந்து சத்தம் போட்டது. அடிவயிற்றில் ஏதோ மெல்லப் பிடி விட்டது. வந்தது. இத்தனை நேரமா என்று அவளுக்கே தோன்றும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.